கூரையில் ஒரு காது
இராணுவ விமானங்களைப் பின்தொடரும் பொதுமக்கள்

(வாசிகசாலையின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவார்கள். அல்லது அரசியல் பேசுவார்கள். ஆகாயவிமானத்தைப் பற்றிப் பேச ஒருவர் வந்து நிற்கிறாரே என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். ஆனால் இப்பொருளைக் கேட்பதற்கு எம்மவருக்கு உள்ள தகுதி எவருக்கும் குறைந்ததன்று. வானத்தில் இரைச்சல் எழுந்த மாத்திரத்தே, வருவது கெலியா, பொம்மரா, சகடையா, கிபிரா என்று கண்ணாற் காணுமுன்னரே காதாற் பிரித்தறியும் வித்தையை எமது சிறு பிள்ளைகளும் ஒரு காலத்திற் கற்றிருந்தனர். மக்கள் 'வண்டு' என்று பெயரிட்ட வேவு விமானம் வன்னி வானில் மெல்ல இரைந்து வட்டமிட்டால், அதன் பின்னால் வருவது யாது என்பதை ஒருவர் மற்றவருக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. கமக்காரன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடினான். மேலே பறந்தவருக்கு எம்மைத் தெரிந்தது. அவர் எங்கிருந்து புறப்பட்டார், எங்கே போகிறார், எவர் அனுப்பினார் என்பது எமக்குத் தெரியவில்லை.

அந்த ஒருபக்கப் பார்வையைச் சிறிதளவேனும் மாற்றிவிட்ட ஒரு பொழுதுபோக்கைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். பொழுதுபோக்கு என்ற சொல்லைக் கேட்டு அலட்சியம் செய்துவிடாதீர்கள். முத்திரை சேர்ப்பதுபோலத் தொடங்கிய இந்தக் காரியம் இன்று பெரிய வல்லரசுகளின் படைத்தலைவர்களும் கணக்கில் எடுக்கவேண்டிய ஒன்றாக வளர்ந்திருக்கிறது.

கனடாவிலே வாழும் எமது சகோதரியின் மகன் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தபோதுதான் நாம் இதை முதலிற் கண்டோம். கூரை விளிம்பில் முழ நீளத்தில் ஒரு வெள்ளைக் குழாய். அதிலிருந்து ஒரு கம்பி அறைக்குள் இறங்கி, சவர்க்காரப் பெட்டியளவான ஒரு சிறு கணினியிற் போய்ச் சேர்ந்தது. தொலைக்காட்சிக்கோ என்று கேட்டோம். "இல்லை மாமா, இது பிளேன் கேட்கிற காது" என்றான். அவனுக்கு விமானப்படையோடு ஒரு தொடர்பும் இல்லை. வங்கியொன்றிற் கணக்குப் பார்ப்பவன். அன்றிரவு அந்தத் திரையின் முன் அமர்ந்த நாம், நள்ளிரவு கடந்த பின்னரே எழுந்தோம்.

கூவிச் செல்லும் விமானம்

இதன் தத்துவம் மிக எளிது. பயணிகள் விமானம் செய்மதிகளின் உதவியால் தன் இருப்பிடத்தைத் தானே கணித்துக்கொள்கிறது. பின்னர் அந்த இருப்பிடத்தையும், தன் உயரத்தையும், வேகத்தையும், தனக்குரிய அடையாள எண்ணையும் 1090 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் செக்கனுக்கு ஏறக்குறைய இரண்டு தடவை வானில் ஒலிபரப்பிச் செல்கிறது. ஆங்கில எழுத்துக்களைக் கொண்டு ஏ.டி.எஸ்.-பி. என்று இம்முறையை அழைப்பர். அமெரிக்காவில் 2020 ஜனவரி முதல் பெரும்பாலான வான்பரப்பிலும் இது கட்டாயமாக்கப்பட்டது. ஐரோப்பாவிலும் அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. விமானங்கள் ஒன்றோடொன்று மோதாதிருக்கவும், தரையிலுள்ள கட்டுப்பாட்டாளர் அவற்றை அறியவும் வகுக்கப்பட்ட முறை இது. எல்லோரும் கேட்டாற்றான் பயன் என்பதால் இதற்கு மறைகுறியீடு எதுவும் இல்லை. சந்தியில் நின்று கூவி விற்பவனின் குரல் வாங்குபவனுக்கும் கேட்கும், வாங்காதவனுக்கும் கேட்கும் அல்லவா?

முன்னர் இக்குரலைக் கேட்கும் கருவி விலை உயர்ந்தது. 2012ஆம் ஆண்டளவில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. கணினியிலே தொலைக்காட்சி பார்ப்பதற்கென்று விற்கப்பட்ட மிக மலிவான ஒரு விரலளவுக் கருவி, அதனுள்ளே இருந்த சில்லின் தன்மையால் வேறு பல அலைவரிசைகளையும் வாங்கவல்லது என்பதைச் சில ஆர்வலர் கண்டுபிடித்தனர். அன்றிலிருந்து, நூறு டொலரளவு செலவிடக்கூடிய எவரும் தம் வீட்டுக் கூரையில் ஒரு நிலையத்தை நிறுவிக்கொள்ளும் நிலை வந்தது.

ஆயினும் ஒரு காது எவ்வளவு தூரம் கேட்கும்? இவ்வலைகள் நேர்கோட்டிலே செல்வன, பூமியோ வளைந்தது. 35,000 அடி உயரத்திற் பறப்பதை 300, 400 கிலோமீற்றர் தொலைவிலிருந்தும் கேட்கலாம். யாழ்ப்பாணத்துக் கூரையொன்றில் வைத்த கருவி, 180 கிலோமீற்றருக்கு அப்பால் திருகோணமலைக்கு மேலே அவ்வுயரத்திற் செல்லும் விமானத்தைக் கேட்கும். ஆனால் பனைமர உயரத்திற் செல்லும் ஹெலிகொப்டர் அயலூரைத் தாண்டினாற் கேட்காது. ஆகவேதான் ஒவ்வொருவரும் தாம் கேட்டதை இணையத்தின் வழியாக ஒரு பொது இடத்துக்கு அனுப்பி, எல்லோர் காதுகளையும் ஒன்றாக்கும் ஏற்பாடு பிறந்தது. சுவீடன் நாட்டு ஆர்வலர் இருவர் 2006இல் தொடங்கிய பிளைட்ராடார்24, 2009இல் எவரும் தம் கருவியை இணைக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. சுவிற்சர்லாந்து, ஜேர்மனி, பிரித்தானியா ஆகிய நாடுகளின் ஆராய்ச்சியாளர் 2012இல் ஓபன்ஸ்கை என்ற வலையமைப்பை விஞ்ஞான ஆய்வுக்காக உருவாக்கினர். 2016இல் ஏ.டி.எஸ்.பி. எக்ஸ்சேஞ்ச் என்பது தோன்றியது. இதைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

காதுகள் பல சேர்ந்தால் இன்னொரு வல்லமையும் கிட்டுகிறது. விமானங்கள் பல, குறிப்பாக இராணுவ விமானங்கள், தம் இருப்பிடத்தைச் சொல்லாது அடையாள எண்ணையும் உயரத்தையும் மாத்திரம் வெளியிட்டுச் செல்லும். அவற்றை எவ்வாறு பிடிப்பது? கோயிலிலே அதிர்வேட்டு வெடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து ஊரவருக்கு அது முதலிற் கேட்கும். அதற்கப்பால் உள்ளவருக்குச் சற்றுப் பிந்திக் கேட்கும். நான்கு ஊர்களில் நான்கு பேர் தமக்குக் கேட்ட நேரத்தைச் சரியாகக் குறித்து வைத்தால், எந்தக் கோயிலில் வெடித்தது என்று வீட்டிலிருந்தபடியே கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். வானொலி அலை செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் 300 மீற்றர் செல்வதால் இங்கே கணக்கு மிக நுட்பமானது. தத்துவம் மட்டும் அதிர்வேட்டின் தத்துவமே. நான்கு வீட்டுக் கூரைகள் ஒத்துழைத்தால், தன் இருப்பிடத்தைச் சொல்ல விரும்பாத விமானத்தின் இருப்பிடமும் தெரிந்துவிடுகிறது. ஒரு வீட்டால் முடியாது. நான்கு வீட்டால் முடியும்.

இராணுவ விமானம் ஏன் வாயைத் திறக்கவேண்டும் என்று கேட்பீர்கள். சமாதான காலத்திலே அதுவும் பயணிகள் விமானங்கள் செல்லும் அதே பாதையிற்றான் செல்லவேண்டியிருக்கிறது. எரிபொருள் ஏற்றிச்செல்லும் விமானம், சரக்கு விமானம், வேவு விமானம் ஆகியன பெரும்பாலும் ஏதோ ஒரு குரலை எழுப்பிக்கொண்டே செல்கின்றன. ஒவ்வொரு விமானத்துக்கும் உரிய அடையாள எண் நாடுவாரியாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அமெரிக்கப் படைகளின் எண்கள் 'ஏ.இ.' என்ற எழுத்துக்களுடன் தொடங்குவது வழக்கம். ஆகவே திரையைப் பார்த்துப் பழகியவர், இது படை விமானம் என்பதை ஒரு கணத்தில் அறிவார். ஆர்வலர் பல ஆண்டுகளாகக் கொப்பிகளிற் குறித்துவைத்த பட்டியல்களின் துணையால், இன்ன வகை, இன்ன தளம் என்பதையும் அறிவார்.

கொப்பிகள் சாட்சி சொன்னபோது

அந்தக் கொப்பிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கருவிகள் மலியுமுன்னரே, விமான நிலைய வேலியோரத்தில் நின்று வாலில் எழுதிய எண்ணைக் குறித்துக்கொள்வோர் ஐரோப்பாவிற் பலர் இருந்தனர். உலகம் இவர்களைப் பார்த்துச் சிரித்தது. சில சமயம் சிறையிலும் அடைத்தது. 2001 நவம்பரில் கிரேக்க தேசத்தின் கலமாட்டா விமானத்தளத்தில் பிரித்தானியர் 12 பேரும் ஒல்லாந்தர் இருவரும் ஒற்றர் என்று கைது செய்யப்பட்டனர். 2002 ஏப்ரலில் அவர்களுட் சிலருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டின் பின் அதே ஆண்டு நவம்பரிலேயே விடுதலை கிடைத்தது. எண்ணைக் குறிப்பது இன்பம் என்று ஒருவன் சொன்னால் நீதிமன்றம் நம்புவது கடினந்தான். எமக்கும் அந்த இன்பம் முழுவதும் விளங்கியதென்று சொல்லமாட்டோம்.

ஆனால் அதே காலத்தில் நடந்த இன்னொரு சம்பவத்தைக் கேளுங்கள். காலிட் எல்-மஸ்ரி என்னும் ஜேர்மன் பிரஜை 2003இன் கடைசி நாளில் மசிடோனிய எல்லையிலே தடுத்துவைக்கப்பட்டார். பெயர் ஒற்றுமையால் வேறொருவர் என்று பிழையாகக் கருதப்பட்டவர் அவர். 2004 ஜனவரியில் அமெரிக்க சி.ஐ.ஏ. அதிகாரிகளிடம் கையளிக்கப்பட்டு, ஆப்கானிஸ்தானத்துக்கு விமானத்திற் கொண்டுசெல்லப்பட்டார். மே மாதத்தில் அல்பேனியாவின் ஒரு மலைப்பாதையில் இறக்கி விடப்பட்டார். அவர் சொன்ன கதையை யார் நம்புவார்? விசாரணை செய்தவர் விமானப் பறப்புப் பதிவுகளைத் தேடினர். அவரைக் கொண்டுசென்ற போயிங் 737 விமானத்தை, ஸ்பெயின் நாட்டின் பால்மா நிலைய வேலியோரத்தில் நின்ற ஓர் ஆர்வலர் அதே ஜனவரியிற் படம் பிடித்து வைத்திருந்தார். அவருக்கு அது அன்று நின்ற இன்னொரு விமானம், அவ்வளவே. 2012 டிசம்பர் 13ஆம் நாள் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் எல்-மஸ்ரி கூறியது உண்மை என்று ஏற்று, மசிடோனியா அவருக்கு 60,000 யூரோ நட்டஈடு வழங்கவேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

எதற்கென்று தெரியாமல், எவரையும் பகைக்க எண்ணாமல், பொறுமையோடு குறித்துவைத்த ஒரு பதிவு, எட்டாண்டுகளுக்குப் பின் ஒரு மனிதனின் சொல்லுக்குத் துணை நின்றது. குறித்தவேளை அது சாட்சியாகும் என்று எவரும் எண்ணவில்லை. எண்ணியிருந்தால், மறைக்கவேண்டியவர்கள் மறைத்திருப்பார்கள் என்பதும் உண்மை.

கூரைக் காதுகள் பெருகிய பின் இத்தகைய சாட்சிகளும் பெருகின. 2015இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலே, பொலிஸ் காவலில் ஒரு கறுப்பின இளைஞர் காயமுற்று இறந்ததையடுத்து ஆர்ப்பாட்டங்கள் எழுந்தன. இரவில் ஒரு சிறு விமானம் நகருக்கு மேலே வட்டமிடுவதை மக்கள் கண்டு, அது யாருடையது என்று கேட்டனர். விமானப் பாதைப் பதிவுகளை ஆராய்ந்த பத்திரிகையாளர், எப்.பி.ஐ. என்னும் புலனாய்வுத் துறை குறைந்தது 13 போலிக் கம்பனிகளின் பெயரிற் குறைந்தது 50 விமானங்களை வைத்திருந்ததை வெளிக்கொணர்ந்தனர். 2020 மே மாதத்தில் மினியாபொலிஸ் நகர ஆர்ப்பாட்டத்துக்கு மேலே எல்லைக் காவற் படையின் ஆளில்லா விமானம் வட்டமிட்டதும் இவ்வாறே அன்றைய தினமே தெரியவந்தது. மேலே வட்டமிடும் 'வண்டு' யாருடையது என்று கேட்டு விடை பெறும் வாய்ப்பு எமக்கு அந்நாளிற் கிடைத்ததில்லை என்பதை நாம் இவ்விடத்தில் நினைக்காதிருக்க முடியவில்லை.

கேட்பவரையும் ஏமாற்றலாம்

இவ்வளவும் கேட்டபின், இனி எந்த அரசாங்கமும் எதையும் ஒளிக்க முடியாது என்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டாம். திரையிலே தெரிவது, தெரியட்டும் என்று விடப்பட்டதே.

2022இன் தொடக்கத்தில், ருஷ்யப் படை உக்ரேனுக்குள் நுழையுமுன்னர், அமெரிக்காவின் ஆளில்லா வேவு விமானமான குளோபல் ஹோக், சிசிலித் தீவிலிருந்து புறப்பட்டுக் கருங்கடற் பக்கம் மணிக்கணக்காக வட்டமிட்டது. 'போர்ட்டே' என்ற அழைப்புப் பெயருடன் அதை உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. மறைக்க விரும்பியிருந்தால் அதன் குரலை அடைத்திருக்கலாம். அடைக்கவில்லை. "பார்க்கிறோம்" என்று ருஷ்யாவுக்குச் சொல்ல அது ஒரு வழி. அதே ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் நான்சி பெலோசியை ஏற்றிய விமானப்படை விமானம் கோலாலம்பூரிலிருந்து தாய்பேக்குச் சென்றது. தென்சீனக் கடலைத் தவிர்த்து, போர்ணியோவுக்கும் பிலிப்பைன்சுக்கும் கிழக்கே சுற்றிச் சென்ற அந்தப் பயணத்தின் ஏதோ ஒரு பகுதியையேனும் 29 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பிளைட்ராடார்24 திரையிற் பார்த்தனர். தரையிறங்கிய கணத்தில் 7 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பார்த்திருந்தனர். ஒரு யுத்தம் மூளுமோ என்ற அச்சத்தைத் திருவிழாக் கூட்டம்போல் இத்தனை பேர் கூடிநின்று பார்த்தது நல்லதா, கெட்டதா என்று எமக்கு இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை.

ஏமாற்றத்துக்குச் சிறந்த உதாரணம் 2025 ஜூன் மாதத்தில் நிகழ்ந்தது. அம்மாத நடுப்பகுதியில் எரிபொருள் விமானங்கள் இருபதுக்கு மேற்பட்டவை ஒரே இரவில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து கிழக்கே செல்வதை ஆர்வலர் கண்டனர். ஏதோ நடக்கப்போகிறது என்று அவர்கள் சொன்னது சரியே. ஜூன் 21 சனிக்கிழமை, மிசூரி மாநிலத்து வைட்மன் தளத்திலிருந்து பி-2 குண்டுவீச்சு விமானங்கள் மேற்கே, பசுபிக் சமுத்திரத்திலுள்ள குவாம் தீவை நோக்கிச் செல்கின்றன என்று அவர்கள் கண்டறிந்தனர். உடன் சென்ற எரிபொருள் விமானங்களின் பாதையும் வானொலி உரையாடல்களும் அவர்களுக்குத் துப்பாயின. பெரிய பத்திரிகைகளும் அதை அன்றே வெளியிட்டன. அதே வேளையில் வேறு ஏழு பி-2 விமானங்கள் குரலடக்கிக் கிழக்கே சென்றன. 18 மணி நேரம் பறந்து ஈரானின் அணு நிலையங்களின் மேல் அவை குண்டு வீசின. மேற்கே சென்றவை பொய்த்தூண்டில் என்று மறுநாட் காலை அமெரிக்கக் கூட்டுப்படைத் தளபதியே பகிரங்கமாகச் சொன்னார்.

கூரைக் காதுகள் பொய் சொல்லவில்லை. மேற்கே விமானங்கள் சென்றது உண்மை. ஆனால் எவரெவர் கேட்பார், கேட்டதை எவ்வளவு விரைவில் ஊருக்குச் சொல்வார் என்பதை அறிந்தவர்கள் அதையே தம் யுத்த தந்திரத்தின் ஓர் உறுப்பாக்கிக்கொண்டனர். பொழுதுபோக்காளர் தம்மையறியாமல் ஒரு படையின் பறையறைவோராகிவிட்டனர். எமது மருமகன் அன்று முழுவதும் திரையின் முன் இருந்தானாம். மறுநாள் தொலைபேசியில், "மாமா, எங்களைக் கொண்டே விளையாடிவிட்டார்கள்" என்றான். அவன் குரலில் இருந்தது கோபமா, வியப்பா என்று தெரியவில்லை.

அப்படியாயின் இராணுவத்தின் பக்கத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது. விமானமோட்டியும் ஒரு தாயின் பிள்ளையே. அவன் செல்லும் பாதையை எதிரிக்குச் சொல்வது அவனைக் கொல்வதாக முடியலாம். ஆயினும் வல்லரசுகளிடம் தத்தம் றேடார்கள் உள்ளன. கூரைக் காது இல்லாவிட்டால் அறியாமற் போவது பெரும்பாலும் எதிரி அல்ல, பொதுமக்களே. ஒளிந்து பறப்பதற்கும் ஒரு விலை உண்டு. அமெரிக்க வான்போக்குவரத்து நிருவாகம் 2019இல், இரகசியமான அரசாங்கப் பணிகளில் ஈடுபடும் விமானங்கள் இந்த ஒலிபரப்பை நிறுத்திவைக்க இடமளித்தது. 2025 ஜனவரி 29 இரவு, வாஷிங்டன் நகரின் றேகன் விமான நிலையத்தருகே இராணுவ ஹெலிகொப்டரும் இறங்கிக்கொண்டிருந்த பயணிகள் விமானமும் மோதி 67 பேரும் மாண்டனர். அந்த ஹெலிகொப்டர் ஏ.டி.எஸ்.-பி. குரலை எழுப்பவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. விபத்துக்கு அது ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கூவவேண்டிய இடத்தில் மௌனம் சாதிப்பது பற்றி அந்நாட்டுப் பாராளுமன்றமே அதன் பின்னர் கேள்வி எழுப்பியது.

கருவியே இல்லாமலும் இக்காரியம் நடக்கும் என்பதைச் சிரியாவில் கண்டோம். 2016இல் ஹாலா சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் அங்கே ஓர் எச்சரிக்கை ஏற்பாட்டைத் தொடங்கியது. விமானத்தளங்களுக்கு அருகே வாழ்ந்த சாதாரண மனிதர் வானத்தைப் பார்த்திருந்து, புறப்பட்ட விமானம் எவ்வகையது, எத்திசையிற் செல்கிறது என்பதைக் கைத்தொலைபேசியிற் பதிந்தனர். எந்த ஊருக்கு எத்தனை நிமிடத்தில் ஆபத்து வரும் என்று கணினி கணித்தது. அபாயச் சங்கு ஒலித்தது. எமது பிள்ளைகள் காதால் அறிந்த அதே அறிவு, சேர்த்துவைக்கப்பட்டதால் அங்கே சில நிமிட அவகாசமாயிற்று. பதுங்குகுழிக்கு ஓடியவர்களுக்கு அந்தச் சில நிமிடத்தின் பெறுமதியை நாம் விளக்கவேண்டியதில்லை.

வெட்டியவர் ஒருவர், விற்றவர் ஒருவர்

இனி, நாம் முன்னர் பின்போட்ட விடயத்துக்கு வருகிறோம். இதுவே இன்றைய பேச்சின் சாரமான பகுதி என்று கருதுகிறோம்.

பெரிய நிறுவனங்கள், விமானச் சொந்தக்காரரோ அரசாங்கமோ கேட்டுக்கொண்டாற் சில விமானங்களைத் திரையிலிருந்து மறைத்துவிடுவது உண்டு. ஏ.டி.எஸ்.பி. எக்ஸ்சேஞ்ச் ஒன்றே "எதையும் மறைக்கமாட்டோம்" என்று பெயர் பெற்றது. அதனாலேயே இராணுவ விமானங்களைப் பின்தொடர்வோர் ஆயிரக்கணக்கில் அங்கே திரண்டனர். கருவியை வாங்கியவர் அவர். கூரையில் ஏறியவர் அவர். மின்சாரமும் இணையமும் அவர் செலவு. பங்குக் கிணறு வெட்டுவதுபோலப் பலர் கூடி வெட்டிய கிணறு அது என்றே எல்லோரும் நினைத்திருந்தனர். 2023 ஜனவரி மாதக் கடைசியில் ஒரு செய்தி வந்தது. அதை நிறுவியவர், முதலீட்டு நிறுவனமொன்றின் கையிலிருந்த ஜெட்நெட் என்ற வியாபாரக் கம்பனிக்கு அதனை விற்றுவிட்டார் என்பதே அச்செய்தி.

சட்டப்படி அவர் செய்தது பிழையன்று. தளம் அவர் பெயரிலேயே இருந்தது. பல ஆண்டுகள் தம் பொழுதையும் பணத்தையும் செலவிட்டவர் அவர் என்பதையும் மறுக்கக்கூடாது. புதிய சொந்தக்காரரும் மறைக்கமாட்டோம் என்றே சொன்னார்கள். ஆயினும், யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்கு இதை நாம் விளக்கவேண்டுமா? பங்குக் கிணற்றிலே இன்னாருக்கு இத்தனை பங்கு, இன்ன நாளில் இன்னார் முறை என்று உறுதியில் எழுதிவைக்காமல் எவராவது மண்வெட்டியைத் தொடுவாரா? எம் தந்தையர் காலத்தில் துலாமிதிக்கும் முறைக்காகவும் வழிவாய்க்காலுக்காகவும் கோடேறிய வழக்குகள் எத்தனை! அண்ணன் தம்பிக்கிடையிலேயே உறுதி வேண்டும் என்று அறிந்தவர் எம்மவர். உலகெங்கும் ஆயிரம் ஆயிரம் படித்த மனிதர், பொறியியலாளரும் கணக்காளரும், ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் இறைத்து ஊற்றிக்கொண்டிருந்தனர்.

எமது மருமகனும் அவர்களுள் ஒருவன். செய்தி வந்த இரவு அவன் தன் கம்பியைக் கழற்றிவிட்டானாம். அவனைப் போலப் பலர் கழற்றினர். பின்னர் சில மாதங்களுக்குள் புதிய சிறு வலையமைப்புக்கள் முளைத்தன. அவற்றுட் சில, சேரும் தரவுகளை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமப் பத்திரத்தைத் தொடக்கத்திலேயே எழுதி வெளியிட்டன. ஒரு கருவியிலிருந்து ஒரே நேரத்திற் பல இடங்களுக்கு அனுப்பக்கூடியதாயிருப்பது இதில் ஒரு நன்மை. ஒரு துலாவில் நாலு வாய்க்காலுக்கு இறைக்க முடியாது, இங்கே முடிகிறது. கொடுப்பதாற் குறையாத தண்ணீர் இது.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இன்றைக்குப் பறக்கும் விமானத்தைப் புதிய வலையமைப்பும் காட்டும். 2016 முதல் சேர்ந்த பழைய பதிவுகள், நாம் முன்பு சொன்ன கொப்பிகளுக்கு ஒப்பான அந்த ஏடுகள், விற்றவற்றோடு போயின. பால்மாவிற் படம் பிடித்தவர் தம் படப்பெட்டியைத் தம்மிடமே வைத்திருந்தார். கூரைக் காதை வைத்தவர், தாம் கேட்டதில் எதையும் வைத்துக்கொள்ளாமல் அப்படியே அனுப்பிக்கொண்டிருந்தார். எட்டாண்டு கழித்து ஒரு நீதிமன்றம் "அன்றிரவு அந்த விமானம் எங்கே நின்றது?" என்று கேட்டால், பதில் ஒரு கம்பனியின் பேழைக்குள் இருக்கும். திறப்பும் விலையும் அவர்கள் கையில்.

அரசாங்கங்களும் இந்தக் காதுகளைக் கவனியாமல் இல்லை. சீனாவில் 2021ஆம் ஆண்டு, வெளிநாட்டு வலையமைப்புக்களுக்குத் தகவல் அனுப்பிய நூற்றுக்கணக்கான கருவிகளைப் பாதுகாப்பு அதிகாரிகள் கண்டுபிடித்துத் தடுத்தனர். தேசப் பாதுகாப்பு என்பது காரணம். அதே சீனாவில், பீக்கிங் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வமைப்பொன்று, இதே முறையாற் கிடைத்த பதிவுகளைக் கொண்டு அமெரிக்க வேவு விமானங்களின் நடமாட்டத்தை வெளியிட்டு வருகிறது. 2020இல் அமெரிக்க வேவு விமானமொன்று மலேசிய விமானத்தின் அடையாள எண்ணைப் பூண்டு பறந்தது என்று குற்றஞ்சாட்டியதும் அந்த அமைப்பே. அடுத்தவன் கூவுவதைக் கேட்கலாம், எம்முடையதைக் கேட்கக்கூடாது என்பது எல்லா அரசாங்கங்களுக்கும் பொதுவான நியாயம்.

மருமகன், தன்னிடம் மிஞ்சிக்கிடந்த பழைய கருவியொன்றை எமது பெட்டியில் வைத்து அனுப்ப முயன்றான். "யாழ்ப்பாணத்துக் கூரையில் ஏற்றுங்கள் மாமா, அந்தப் பக்கத்தில் காது போதாது" என்றான். நாம் மறுத்துவிட்டோம். வானொலிக் கருவிகளுக்கு இந்நாட்டில் அனுமதிப்பத்திரச் சட்டம் உண்டு. கேட்பதற்கு மாத்திரம் உள்ள கருவிக்கும் அது வேண்டுமா என்று முதலில் அறிந்துகொள்வோம் என்று ஊர் திரும்பியதும் உரிய இடத்துக்கு எழுதினோம். எழுதி ஏழு மாதமாகிறது. நினைவூட்டற் கடிதமும் அனுப்பியாயிற்று. இளைஞர் எவரேனும் இதில் ஆர்வங்கொண்டால், பதில் வரும் வரையிற் பொறுத்திருங்கள். வந்ததும் அதன் பிரதியை இவ்வாசிகசாலை அறிவித்தற் பலகையில் ஒட்டுவதாக வாக்களிக்கிறோம்.